ஒட்டியும் ஒட்டாமலும்

போன இதழில், "டேப், ஸ்டிக்கர், பொட்டு, பிளாஸ்திரி, எது ஒட்டவில்லை என்றாலும் எழுதுங்கள்" என்று ஆசிரியர் ஒரு கட்டம் போட்டு, இந்த வேலையை என் தலையில் கட்டினார். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் உறையின் வாயை மூன்று சுற்று செல்லோ டேப் போட்டு மூடியிருக்கிறீர்கள். பிரித்து முடிக்கவே ஒரு மத்தியானம் ஆயிற்று. குறை சொல்லவில்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு டேப் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் 29 வருஷம், ஒட்டியதைப் பிய்த்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கை இன்னும் அந்த வேலையை மறக்கவில்லை.

கேள்வி: பலாப்பழம் வெட்டும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கர் போகாவிட்டாலும் என் மாமியார் அதே எண்ணெயைத்தான் தேய்க்கச் சொல்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: உண்டு அம்மா. மாமியார் சொன்னது சரி என்று நான் எழுதியிருப்பதாக அவரிடமே படித்துக் காட்டுங்கள், வீட்டில் கொஞ்சம் நல்ல பெயர் கிடைக்கும்.

மைதாப் பசையும் ஃபெவிகாலும் ஈரமாக இருக்கும்போது பரவி, தண்ணீர் வற்றியதும் இறுகிப் பிடிக்கிற ரகம். டேப்பிலும் ஸ்டிக்கரிலும் இருப்பது கடைசிவரை இறுகாத ரகம். தண்ணீர் வேண்டாம், சூடு வேண்டாம், விரலால் ஓர் அழுத்து போதும். பலாப்பால் இந்த ரகத்துக்குத் தாத்தா. குச்சியில் பலாப்பிசினைத் தடவிக் கிளையில் செருகிக் குருவி பிடித்த கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அங்கே விரலுக்குப் பதில் குருவி உட்காரும் பாரமே அழுத்தம்.

இந்த ரகப் பசைக்கு இரண்டு குணம் ஒருசேர வேண்டும். தேன் மாதிரி ஓடி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். தேன் ஓடும், பிடிக்காது. ரப்பர் பேண்ட் இழுவை தாங்கும், ஓடாது. அமெரிக்காவில் த்ரீ எம் நிறுவனத்தில் இருந்த கார்ல் டால்குவிஸ்ட் 1960-களில் இதற்கு ஓர் எல்லை கட்டினார்: பசையின் விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்குள் (விறைப்பை அளக்கும் அலகு அது) இருந்தால்தான் விரல் அழுத்தத்துக்கு ஒட்டும். ரப்பர் பேண்டின் விறைப்பு ஏறத்தாழ 10 லட்சம் பாஸ்கல். அதனால்தான் அதைச் சுவரில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் கீழே விழுகிறது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். கையில் முன்பே தடவினால், பால் இறங்க வேண்டிய இடத்தில் எண்ணெய் முந்தி உட்கார்ந்துகொள்கிறது. பாத்திரத்தில் தலைகீழ்: ஒட்டியாயிற்று, எண்ணெய் பிறகு வருகிறது. அது மெல்லப் பசைக்குள் ஊறி, ரப்பரையும் பிசினையும் உப்பவைத்து, பிடிமானத்தைக் கரைத்துத் தேன் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தேய்த்த மறுநிமிஷம் நகத்தால் சுரண்டினால் மாமியாரைத்தான் குறை சொல்லத் தோன்றும். பளபளப்பான பிளாஸ்டிக் ஸ்டிக்கர் என்றால் எண்ணெய் உள்ளே போகவே போகாது. மேல்தாள் முதலில் வர வேண்டும். பாத்திரத்துக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு நிமிஷம் விடுங்கள். வெளியே ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக, பாத்திரத்தை ஒட்டினாற்போல மடக்கி இழுங்கள். மிச்சம் நிற்கும் பிசுக்குக்கு எண்ணெய், பத்து நிமிஷம், பிறகு சோப்புத் தூள். கம்பி நார் வேண்டாம். கீறல் விழுந்த இடம் ஆயுசுக்கும் தெரியும்.

கேள்வி: முறுக்கு, சீவல் மொத்தமாகப் பெட்டி போட்டு அனுப்புகிறோம். பழுப்பு டேப்தான். மார்கழியில் ஒட்டிய பெட்டி அப்படியே போய்ச் சேர்கிறது. சித்திரை, வைகாசியில் குடோனிலேயே வாயைத் திறந்துகொள்கிறது. டேப் கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?
– பலகாரக் கடைக்காரர், மணப்பாறை

பதில்: கடைக்காரரைத் திட்டும் முன் குடோன் கூரையைப் பாருங்கள் ஐயா. தகரமா?

இதில் நான் ஒரு முறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழாம் வருஷமோ எட்டாம் வருஷமோ. எங்கள் சோதனைக்கூடம் எப்போதும் 23 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். 25 மில்லிமீட்டர் அகலத் துண்டை எஃகுத் தகட்டில் வைத்து, 2 கிலோ உருளையை மேலே ஓட்டி, நிமிஷத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் பின்னோக்கி மடக்கிப் பிய்ப்போம். அந்த வருஷம் போன சரக்கு முழுக்கத் தேர்ச்சி. கையெழுத்து என்னுடையது. மே மாதம் வாடிக்கையாளர் ஒருவர் போனில் கத்தினார். நேரில் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, மேல் அடுக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் 47 காட்டியது. டேப் பிய்ந்திருக்கவில்லை. நழுவியிருந்தது. ஒட்டிய இடத்திலிருந்து அரை விரற்கடை தள்ளிப் போய், நடுவில் வெல்லப்பாகு மாதிரி நூல் இழுத்துக்கொண்டு நின்றது. பெட்டியின் இரண்டு மூடிகளும் நாள்கணக்கில் மெல்ல மேலே தூக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. பசையும் அவற்றோடு நாள்கணக்கில் மெல்ல நடந்து போயிருக்கிறது.

நான் அளந்தது வேகமாகப் பிய்க்கும் பலம். அங்கே நடந்தது மெதுவாக நகரும் வேலை. இரண்டுக்கும் இரண்டு சோதனை வேண்டும். அன்று முதல் இரண்டாவதையும் செய்தோம்: ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் டேப்பை எஃகில் ஒட்டி, தொங்கும் நுனியில் ஒரு கிலோ கல்லைக் கட்டி, விழும்வரை கடிகாரம் ஓடவிடுவது. அதையே சூட்டு அடுப்புக்குள்ளும் வைத்தோம். வெளியில் நாள் முழுக்கத் தொங்கிய டேப், அடுப்புக்குள் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் விழுந்து கிடந்தது.

உங்களுக்குக் கடைக்காரர் தருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சூட்டில் உருக்கிப் பூசிய ரப்பர் பசை ஒன்று. அதில் ரப்பர் இழைகளைப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் முடிச்சுகள்தான் கட்டிப் பிடித்திருக்கின்றன. தொட்டதும் ஒட்டும், அட்டையில் சட்டென்று பிடிக்கும். ஆனால் உருக்கிப் பூசியதாயிற்றே, முடிச்சு சூட்டில் தளரும். இன்னொன்று தண்ணீரில் கலந்து பூசிய அக்ரிலிக் என்ற செயற்கைப் பசை. தொட்டதும் அவ்வளவு ஆவலாக ஒட்டாது, கொஞ்சம் அழுத்த வேண்டும். வெயிலையும் நாளையும் அது நன்றாகத் தாங்கும். சித்திரை, வைகாசி முழுக்க அக்ரிலிக் கேட்டு வாங்குங்கள்.

டேப்பை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் பலன் பாதிதான். மறுசுழற்சி அட்டையில் தூசி அதிகம். துணியால் ஒரு இழு இழுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் முழு நீளமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பையன்கள் டேப்பைச் சர்ரென்று இழுத்து அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள், எனக்குத் தெரியும். பக்கவாட்டில் நாலு விரற்கடையாவது மடங்கி இறங்க வேண்டும். கடைசியாக, பெட்டியை வாய் பிதுங்கும்படி நிரப்பாதீர்கள். மூடி எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருந்தால் எந்தப் பசையானாலும் ஒரு நாள் நகரும்.

கேள்வி: சமையலறைச் சுவரில் டபுள் சைடு டேப் வைத்த கொக்கி. அட்டையில் 2 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. நான் மாட்டியது கரண்டியும் வடிகட்டியும், அரைக் கிலோகூட வராது. நாலு நாள் நன்றாக இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டமாலென்று விழுந்தது. பேயா?
– தனியாக இருக்கும் வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பேய்க்குக் கரண்டி எதற்கு? மேலே மணப்பாறைக்காரருக்குச் சொன்ன அதே நகர்வுதான். நாலு நாளும் அது விழுந்துகொண்டேதான் இருந்தது. உங்களுக்குச் சத்தம் கேட்டது மட்டும் ஐந்தாம் நாள். எங்கள் கல் தொங்கும் சோதனையில் ராத்திரி ஷிஃப்டுக்கு வந்தவர்கள் முதல் வாரம் திடுக்கிட்டு எழுவார்கள், பிறகு பழகிவிடும்.

கொக்கியின் பாரம் சுவரை ஒட்டி நேராகக் கீழே இழுத்தால் டேப் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்கும். கொக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. மேல் ஓரம் சுவரிலிருந்து கிளம்பப் பார்க்கும், முழுப் பாரமும் அந்த ஓர் ஓரக் கோட்டின்மேல் வந்து உட்காரும். ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து கிளப்பினால் எளிதாக வருகிறதல்லவா, அதே வேலையைக் கொக்கி ராத்திரியும் பகலும் செய்கிறது. கனமான டபுள் சைடு ஃபோம் டேப்புகளுக்கு த்ரீ எம் சொல்லும் கணக்கு, நிரந்தரமாகத் தொங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 57 சதுர சென்டிமீட்டர் டேப். தீப்பெட்டி அளவுக் கொக்கிக்கு 2 கிலோ என்று போடுகிறவர்கள் எத்தனை மணி நேரத்துக்கு என்பதைப் போடுவதில்லை.

விழுந்த டேப்பின் முதுகைப் பார்த்தீர்களா? வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தால் டேப்மேல் தப்பில்லை. அது டிஸ்டெம்பரை விடாமல் பிடித்திருக்கிறது, டிஸ்டெம்பர்தான் சுவரை விட்டுவிட்டது. சுண்ணாம்புச் சுவரிலும் இதே பாடு. டைல்ஸில் மாட்டுங்கள். முதலில் தாளிப்பு எண்ணெய்ப் படலத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட்டால் இன்னொரு துடை. ஒட்டி அழுத்திவிட்டு ஒரு நாள் சும்மா விடுங்கள், மாட்டாதீர்கள். நல்ல ஃபோம் டேப் 20 நிமிஷத்தில் பாதிப் பலம்தான் ஏறியிருக்கும், 24 மணி நேரத்தில் முக்கால்வாசிக்கும் மேலே ஏறும், முழுசாக ஏற 72 மணி நேரம். பசை பள்ளங்களுக்குள் இறங்கும் காலம் அது.

கேள்வி: மீன் பதப்படுத்தும் இடத்தில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். 18 டிகிரி மைனஸ் அறையிலிருந்து எடுத்த பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினால் காகிதம் மாதிரி உதிர்கிறது. அதே லேபிளை முன்கூட்டியே ஒட்டி உள்ளே அனுப்பிய பெட்டியில் அசையவில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– தொழிலாளி, தூத்துக்குடி

பதில்: கேள்வியிலேயே பதிலை வைத்திருக்கிறீர்கள் தம்பி. பசை இறங்குவதற்கு இளக்கம் வேண்டும், இறங்கிய பிறகு இருப்பதற்கு அவ்வளவு வேண்டாம். சாதாரண லேபிள் பசையை ஐந்து, பத்து டிகிரிக்குக் கீழே போய் ஒட்டாதீர்கள் என்பார்கள். முன்பே ஒட்டியிருந்தால் அதே பசை உறைநிலைக்குக் கீழேயும் கிடக்கும். குளிரில் அது கண்ணாடியை நோக்கி இறுகிக்கொண்டே போகிறது. டால்குவிஸ்ட் போட்ட கோட்டைத் தாண்டிவிட்டால் விரலால் அழுத்திப் புண்ணியமில்லை. போதாக்குறைக்கு, அறையிலிருந்து வெளியே எடுத்த நொடியில் தூத்துக்குடிக் காற்றின் ஈரம் பெட்டிமேல் பனியாகப் படியும். நீங்கள் ஒட்டுவது பெட்டியில் இல்லை, பனியில்.

ஒட்டிவிட்டு உள்ளே அனுப்புங்கள். முடியாதென்றால் குளிருக்கென்றே செய்த லேபிள் கேளுங்கள், பசை மிக மென்மையாக இருக்கும். அதிலும் பனியைத் துடைத்துவிட்டுத்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பசைக்குக் குளிரும் வேகமும் ஒன்று. சூடும் நிதானமும் ஒன்று. டேப்பை வெடுக்கென்று இழுத்தால் பசைக்கு அது குளிர்காலம் மாதிரி. ஓட நேரமில்லாமல் விறைத்து நிற்கும். மிக மெதுவாக இழுத்தால் வெயில் காலம். எங்கள் கூடத்தில் புதிதாக வருகிற பெண்பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். சூடு, நேரம் என்று இரண்டு தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளாதே, ஒரே நோட்டில் எழுது என்பேன். தலைமுடியில் ஒட்டிய சூயிங்கத்துக்குப் பாட்டிகள் ஐஸ் வைப்பதும் இந்தக் கணக்குதான், விறைத்தால் நொறுங்கும்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு காலையில் வைத்தால் மத்தியானம் வியர்வையில் எங்கேயோ போய்விடுகிறது. அதையே ராத்திரி குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினால் ஒரு மாதம் ஆனாலும் போகவில்லை. இன்னொன்று: பொட்டு வைக்கும் இடத்தில் எனக்குச் சின்னதாக வெள்ளைத் திட்டு தெரிகிறது. பசையால் இருக்குமா?
– ஆசிரியை, மதுரை

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கலாம். இன்றைக்கே ஸ்டிக்கரை நிறுத்துங்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில பொட்டுகளின் பசையில் சேரும் ஒரு பிசினில், பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் மீந்து நிற்பதுண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை அது கொல்லும். பொட்டுப் பசையில் இந்தப் பொருள் இருப்பதையும், அதனால் நெற்றி வெளுப்பதையும் 1990-லேயே இந்திய மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். வெள்ளை தானாகப் போய்விடும் என்று குங்குமத்தால் மூடி மறைத்துக் காத்திருக்காதீர்கள். எல்லா வெள்ளைத் திட்டுக்கும் பொட்டே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மற்றது சுலபம். நெற்றி ஒரு மோசமான சுவர். எண்ணெய் கசியும், வியர்வை ஊறும், மேல் தோல் நாள்தோறும் உதிரும். பொட்டை எடுத்துப் பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால் உதிர்ந்த தோல் மாவு மாதிரி அப்பியிருக்கும். மூன்றாம் நாள் நீங்கள் ஒட்டுவது பசையை இல்லை, உங்கள் பழைய தோலை. கண்ணாடி அப்படி இல்லை. வழவழப்பு, இறுக்கம், எதையும் வா வா என்று இழுத்துக்கொள்ளும் மேற்பரப்பு. அதன்மேல் பசை ராத்திரி முழுக்க நிதானமாக இறங்குகிறது. மாதக்கணக்கில் விட்டால் பிய்க்கவே முடியாது. நானும் ஒரு முறை என் பொட்டைக் கழற்றி எஃகுத் தகட்டில் ஒட்டி மறந்துவிட்டு, மறு வாரம் மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். பசை தகட்டோடு நின்றுகொண்டது, வெல்வெட் மட்டும் கையோடு வந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மட்டும் இந்தப் பலம் நிற்காது. கண்ணாடிக்குப் பசையைவிடத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். ஓரத்தில் ஊர்ந்து இடையில் புகுந்துவிடும்.

கேள்வி: அப்பா 1970-களில் எழுதிய கடிதங்கள் கிழிந்தபோது செல்லோ டேப் போட்டு வைத்தேன். இப்போது டேப் சருகாகக் கழன்று விழுகிறது. காகிதத்தில் பட்டையாகப் பழுப்புக் கறை. புது டேப் ஒட்டலாமா?
– ஓய்வுபெற்ற வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அந்த டேப்பின் பூர்வீகம் கொஞ்சம் சொன்னால்தான் கோபம் தணியும். அமெரிக்காவில் த்ரீ எம் அப்போது உப்புக்காகித வியாபாரம் செய்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், கார்களுக்கு இரண்டு நிறம் அடிக்கும் பட்டறையில் பெயிண்டர்கள் படும் அவஸ்தையைப் பார்த்து 1925-ல் மாஸ்கிங் டேப் செய்தார். 1930-ல் செல்லோஃபேன் தாளில் பசை பூசி ஒட்டும் டேப் வந்தது. பொருளாதாரம் விழுந்து கிடந்த காலம். கிழிந்ததையெல்லாம் ஒட்டி ஒட்டிப் பிழைத்த ஜனங்கள் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பசை, இயற்கை ரப்பரும் மரப்பிசினும்.

ரப்பர் காற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்துச் சாப்பிடும். முதலில் அதன் நீள இழைகள் அறுந்து இளகி, காகிதத்துக்குள் எண்ணெய் மாதிரி ஊறும். அப்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது, இன்னும் நன்றாக ஒட்டிவிட்டது என்றே தோன்றும். பிறகு வருஷங்கள் போகப் போக அதே பசை குறுக்கே பின்னிக்கொண்டு இறுகி, மஞ்சளாகி, பழுப்பாகி, நொறுங்கும். தாள் கழன்று விழும். ஊறியது ஊறியதுதான், அந்தக் கறை இழையோடு சேர்ந்துவிட்டது. 1961-ல் வந்த மங்கலான மேஜிக் டேப் அக்ரிலிக் ரகம், மஞ்சளாகாது. அதுவும் கடிதத்துக்கு வேண்டாம். பின்னால் ஒருவர் எடுக்க நினைத்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

தானாக விழுந்த டேப்பை விட்டுவிடுங்கள். விழாததை இழுக்காதீர்கள். துண்டுகளைத் தட்டையாக, வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவே, பீரோவில் வையுங்கள். ஆவணக் காப்பகங்களில் பழுது பார்ப்பவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஒட்டுவார்கள். தண்ணீர் பட்டால் திரும்ப எடுத்துவிடலாம் என்பதால். டேப் கம்பெனியில் பென்ஷன் வாங்குகிறவள் இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் காகிதத்துக்கு மாவுப் பசையை மிஞ்சியது இல்லை.

கேள்வி: பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டைத் திறந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப் எல்லாம் அவிழ்ந்து, கையில் தார் மாதிரி ஒட்டுகிறது. நல்ல டேப்புக்கும் இது நடக்குமா?
– எலக்ட்ரீஷியன், ஈரோடு

பதில்: நடக்கும், மெதுவாக. அந்த டேப் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். வளைவதற்காக எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். போர்டுக்குள் இருக்கும் சூட்டில் அந்தத் திரவம் பசைக்குள் இறங்குகிறது. பண்ருட்டி மாமியாரின் தேங்காய் எண்ணெய் செய்த வேலையை இங்கே டேப்பே தனக்குத் தானே செய்துகொள்கிறது. மலிவு டேப்பில் இது சீக்கிரம் வரும்.

சுற்றும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் சுற்றுகளை இழுத்துச் சுற்றுவது சரி, கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் சும்மா படியவிட்டு அழுத்துங்கள். இழுபட்ட பிவிசி பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், நுனியில்தான் முதலில் கிளம்பும். பல்லால் கடித்து இழுத்து அறுப்பவர்கள் அந்த நுனியைத்தான் மிக அதிகமாக இழுத்து வைக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை.

கேள்வி: இருட்டில் செல்லோ டேப்பை இழுத்தால் வெளிச்சம் வரும் என்று என் நண்பன் சொல்கிறான். பந்தயம் பத்து ரூபாய். பல்லியின் காலிலும் டேப் பசைதானா?
– ஒன்பதாம் வகுப்பு, நாமக்கல்

பதில்: பத்து ரூபாயைக் கொடுத்துவிடு கண்ணா. விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை சில நிமிஷம் காத்திருந்து, ரோலை வேகமாக இழு. பிரியும் கோட்டில் மங்கலான நீலம் தெரியும். பசையும் தாளும் பிரியும்போது மின்னூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்று, பிறகு பாய்கிறது. 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் டேப்பைப் பிரித்து, வந்த எக்ஸ்-ரேயில் ஒரு விரலின் எலும்பையே படம் எடுத்தார்கள். பயப்படாதே, காற்று இருக்கும் இடத்தில் எக்ஸ்-ரே வராது. பென்சில் கரியான கிராஃபைட்டை டேப்பால் உரித்து உரித்து ஒற்றை அணுத் தடிமனுக்குக் கொண்டுவந்த மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கைமும் நோவோசெலோவும் 2010-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். உன் நண்பனிடம் இதையும் பந்தயம் கட்டி, பத்து ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொள்.

பல்லியின் காலில் பசையே இல்லை. நுனி பல நூறாகப் பிளந்த, கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். அவ்வளவு நெருக்கமாகச் சுவரைத் தொட்டால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் சின்னச் சின்ன விசையே போதும். அதனால்தான் அது தூசி பிடித்து வீணாவதில்லை. காலைப் பதித்துச் சாய்த்து எடுத்தால் விட்டுவிடும். நாங்கள் 29 வருஷம் முயன்றும் அப்படி ஒரு டேப் செய்ததில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்கும்போது தோலும் உரிந்து வந்துவிட்டது. எப்படி எடுப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நமக்கெல்லாம் வெடுக்கென்று இழுத்தால் வலி சீக்கிரம் முடியும் என்று ஒரு பழக்கம். வயதானவர்களுக்கு அதைச் செய்யவே கூடாது. வேகமாக இழுத்தால் பசை விறைக்கும் என்று தூத்துக்குடித் தம்பிக்குச் சொன்னேனே, விறைத்த பசை முழு இழுவையையும் தோலிடம் கொடுத்துவிடும். அந்த வயதில் தோலின் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இடையில் பிடிப்பு குறைவு, பசை ஜெயித்துவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை அல்லது கொஞ்சம் தேங்காய் எண்ணெயை ஓரத்தில் வைத்து ஊறவிடுங்கள். புண் இருக்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பிறகு பிளாஸ்திரியை மேல்நோக்கித் தூக்காமல், அதன்மேலேயே மடக்கித் தோலை ஒட்டியபடி, முடி வளர்ந்திருக்கும் திசையில், அங்குலம் அங்குலமாக. இன்னொரு கை விரலால், பிரிந்து வரும் இடத்துத் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே போங்கள். அடுத்த முறை ஊசி போடுபவரிடம் காகிதப் பிளாஸ்திரியோ, சிலிகோன் பசை வைத்ததோ கேளுங்கள். சிலிகோன் தோலில் மென்மையாகப் படியும், மாவு மாதிரி தோலை வாரிக்கொண்டு வராது. ஒட்டும்போது தோலை இழுத்து ஒட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், உங்களைப் போன்ற நிபுணருக்கு ஒரே ஒரு கேள்வி. செல்லோ டேப்பின் முனையைக் கண்டுபிடிப்பது எப்படி?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: நகத்தைச் செங்குத்தாக வைத்து ரோலைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். தட்டுப்படவில்லையா, எதிர்த் திசையில் சுற்றுங்கள்; முனை ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் நகத்தில் மாட்டும். கண்டுபிடித்ததும் ஒரு மூலையை மட்டும் கிளப்பி இழுத்தால் நீளவாக்கில் நூலாகக் கிழிந்து போகும். அந்தத் தாளைச் செய்யும்போதே இரண்டு பக்கமும் இழுத்து நீட்டியிருக்கிறார்கள், ஒரு முறை கீறல் விழுந்துவிட்டால் நிற்காது. முழு அகலத்தையும் கிளப்பிய பிறகே இழுங்கள். வேலை முடிந்ததும் முனைக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் தீக்குச்சி வைக்கும் வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். நேற்று பேரன் ஒரு ரோலைக் கொண்டுவந்து கொடுத்தான். குச்சி இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் தேடிவிட்டு, கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தேன்.